காகிதத்தில் போட்ட மலை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வீட்டுக்காரருக்குக் கடிதமும் மளிகைச் சீட்டும்தான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதோ எண்பத்தொன்றோ, சரியாக நினைவில்லை. ஆடி மாதம் என்பது மட்டும் தெரியும். வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தார். மூன்று வருஷம் கம்பெனிக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடந்தவருக்கு, குடும்பத்தைக் கூட்டிவரலாம் என்று கம்பெனியில் சம்மதித்தார்கள். ஆனால் வாடகைக்கு வீடு பிடித்து அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் எங்களுக்கு விசா. அதனால் வீடு தேட ஆரம்பித்தார். ஒரே கட்டடத்தில் மாடியும் கீழுமாக இரண்டு வீடு கிடைத்தது. எது வேண்டும் என்று என்னைக் கேட்டு எழுதினார்.

'வீட்டுக்குள்ளே இருக்கப்போகிறவள் நீ. நீயே சொல்' என்று எழுதியிருந்தார். இரண்டு வீட்டையும் ஒரே தாளில் பென்சிலால் படம் போட்டு, அறைக்கு இத்தனை அடி என்று குறித்து அனுப்பினார். மாடி வீட்டில் காற்று வரும், பெரிய ஜன்னல், எட்டிப் பார்த்தால் கடல் ஒரு கோடாகத் தெரியும். கீழ் வீட்டில் அறை சின்னது, சமையல்கட்டு இருட்டு, வாசலில் தண்ணீர் லாரி வந்து நிற்கும். இவ்வளவும் எழுதிவிட்டு, தாளின் ஓரத்தில் கூம்பாக ஒரு மலையும் போட்டிருந்தார். 'நம் மலையைப் போட்டிருக்கிறேன், திசையை அதை வைத்துப் பார்த்துக்கொள்.'

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் ஊரில் கிழக்கு மேற்கு என்று யாரும் சொல்வதில்லை. அண்டாவை மலைப்பக்கம் நகர்த்து, மலைக்கு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார், இப்படித்தான் பேச்சு. சின்னப் பிள்ளையிலிருந்து எனக்குத் திசை என்றால் அது ஒன்றுதான்.

தேதி குறித்து, அந்த வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும், வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அதற்குப் பிறகு வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தார். கடிதம் என் கைக்கு வந்ததே செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு மூன்று வயது. ஒன்றரை வயதில், அவள் அப்பா லீவில் வந்திருந்தபோது, காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டது. அது எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் சித்திரை வெயிலில் இன்னொரு தடவை வந்தது. அது எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. "இது வலிப்புதாம்மா. வயசு ஏற ஏற நின்னுடும். ஆனா உடம்புச் சூடு ஏற விடாதீங்க, வெக்கையான அறையில படுக்க வைக்காதீங்க" என்றார் டாக்டர். நான் வீட்டுக்காரருக்கு எழுதவில்லை. எழுதினால் பயந்துபோய், 'இந்த ஊர் வெயிலுக்கு வேண்டாம், அங்கேயே இரு' என்று சொல்லிவிடுவார். மாமியாரிடமும் சொல்லவில்லை. பெண் பிள்ளைக்கு வலிப்பு என்று ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், அவள் கல்யாண வயது வரைக்கும் அந்தப் பேச்சு நிற்கும்.

அத்தை ஏற்கெனவே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "வெயில் சேராத வூடா இருந்தா புள்ளையக் கூட்டிக்கினு போ. இல்லன்னா எங்கிட்ட உட்டுட்டு நீ மட்டும் போ. அந்தப் பாலைவனத்துல எம்பேத்திய வாட்ட விடமாட்டேன்." அத்தை சொன்னால் சொன்னதுதான். இவரும் அம்மா பேச்சைத் தட்டமாட்டார். அதனால் எனக்கு வீட்டைத் தேர்ந்தெடுப்பது கடல் தெரிகிறதா என்கிற விஷயம் இல்லை. பிள்ளை என்னோடு வருகிறாளா இல்லையா என்கிற விஷயம்.

தாளைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோலமாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அவர் குறித்திருந்த கணக்குக்கு அறை அறையாக மாவில் கோடு இழுத்தேன். எங்கள் தெரு அண்ணாமலையார் கோயிலுக்குக் கிழக்கே. மாடியில் நின்றால் கோபுரம், அதற்குப் பின்னால் மலை. தாளில் மலை இருந்த பக்கத்தை நிஜ மலைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் கோடு போட்டேன். முதலில் கீழ் வீடு. படுக்கிற அறை மலையை ஒட்டி வந்தது. நான் அந்த மாவுச் சதுரத்துக்குள் நின்றேன். மத்தியான வெயில் மலைப்பக்கமிருந்து நேரே என் முகத்தில் அடித்தது. வேண்டாம் என்று பெருக்கிவிட்டு மாடி வீட்டைப் போட்டேன். அதில் படுக்கிற அறை மலைக்கு எதிர்க்கோடியில். நடுவில் கூடம், சமையல்கட்டு எல்லாம் வெயிலை மறைத்துக்கொள்ளும். மகளை அந்த அறைக்குள் உட்கார வைத்துப் பார்த்தேன். 'வாசல் எங்கம்மா?' என்று கேட்டு, கோட்டை மிதிக்காமல் வாசல் வழியாகவே வெளியே வந்தாள். எனக்கு மனசு நிறைந்துபோனது.

பக்கத்துப் போர்ஷனில் ஒரு டீச்சர் இருந்தார். புதன்கிழமை காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் அவரே இங்கிலீஷில் எழுதித் தந்தி கொடுத்துவிட்டுப் போனார். 'மாடி வீடு எடுக்கவும்.' தந்தி ஆபீஸ் வாசலை நான் மிதிக்கவில்லை. ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் வாயைத் திறந்து பேசுகிற பழக்கமே எனக்குக் கிடையாது. எண்ணெய்க் கடையில்கூடப் பாட்டிலைத்தான் நீட்டுவேன்.

பதினோரு மணி வாக்கில் அத்தை வந்தார். தன் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து பாதி நடையும் பாதி வண்டியுமாக, மடியில் பேத்திக்கு வேர்க்கடலை கட்டிக்கொண்டு. வந்ததும் வராததுமாக, "கடுதாசி வந்துதா? இன்னா எழுதியிருக்கான்?" என்றார். நான் பெருமையாகப் படத்தைக் காட்டினேன். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மகன் போட்ட கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம மலைதானே?"

"ஆமா, அத்தை."

"எந்த வூட்டச் சொன்ன?"

"மாடி வீடு. இதோ, புள்ள படுக்கற அறை."

அத்தை தாளைத் திருப்பினார். விரலை மலைமேல் வைத்து, அப்படியே அறைவரைக்கும் இழுத்தார். "மலைக்கு அந்தாண்ட கோடி. எங்க வூட்ல மாட்டுக்கொட்டா இருக்கற பக்கம். மத்தியானத்துக்கு மேல அங்க மாடே நிக்காதே. அவுத்துக்கினு ஓடும்."

அத்தை ஊர் மலைக்கு மேற்கே. அங்கே பொழுது மலைக்கு மேலேதான் பிறக்கும். எங்கள் தெருவில் பொழுது மலைக்குப் பின்னால் போய்ச் சாயும். எனக்கு மலை மேற்கு. அத்தைக்கு மலை கிழக்கு. வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். காகிதத்தில் அவர் போட்டது எந்த மலை?

"இல்ல அத்தை, அது நம்ம டவுன்லருந்து பாக்கற மாதிரி போட்டிருக்காரு" என்றேன்.

"மலை இன்னா தேரா, பக்கம் மாறி நிக்க?" என்றார் அத்தை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "வெயில் அடிக்கற வூடுன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

கல்யாணமாகி நாலு வருஷம் வீட்டுக்காரர் என்னோடு டவுனில் இருந்திருக்கிறார். மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று நான் சொன்னால் புரிந்துகொண்டு திரும்பிப் படுத்திருக்கிறார். அப்படியானால் என் மலையைத்தான் போட்டிருப்பாரா? கடிதம் எழுதிக் கேட்டால் பதில் வர ஒரு மாதம். மறுநாள் வியாழன். காலையில் போன தந்தி கைக்குக் கிடைத்த உடனே போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார். டீச்சர் வர நாலரை ஆகும்.

மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டேன். "கிருஷ்ணாயில் வாங்கிட்டு வந்துடறேன், அத்தை. புள்ளையப் பாத்துக்குங்க."

"இந்த வெயில்லயா?"

"நின்னாதான் கெடைக்கும்."

தந்தி ஆபீஸில் எனக்கு முன்னால் நாலு பேர். நான் டின்னைப் புடவையால் மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். வரிசை நகர்ந்ததும், ஜன்னலுக்கு உள்ளே கண்ணாடி போட்ட ஒரு வயசானவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கம்மா?"

"மஸ்கட்டுங்க."

"மஸ்கட்டுக்குக் காலையில ஒண்ணு போச்சே. மாடி வீடு எடுன்னு."

"அது நாந்தாங்க. அது தப்பாயிடுச்சுங்க."

"தப்பா? எங்க மேல இல்லையே தப்பு?"

"இல்லீங்க, எம்மேல. கீழ் வீடு எடுக்கச் சொல்லணுங்க."

"காலையில மாடி, மத்தியானம் கீழ. சாயங்காலம் வந்து என்னம்மா சொல்லப்போற? மனுசன் ரோட்ல படுத்துடுவாரு." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் பேனாவைத் திறந்துவிட்டார். "சொல்லு. முடிவா கீழ்தானே?"

முடிவாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போட்டது என் மலையாக இருந்துவிட்டால்? இப்போது மாற்றிச் சொல்லி நானே பிள்ளையைக் கொண்டுபோய் வெயிலில் போட்டதாகிவிடும். எப்படியோ திக்கித் திணறி, மலை விஷயத்தையும் மத்தியான வெயில் ஆகாது என்பதையும் சொன்னேன்.

எனக்குப் பின்னால் கடலைச் சாக்கோடு நின்றிருந்தவர் கேட்டார். "வூட்டுக்காரரு எந்த ஊரும்மா?"

"அடி அண்ணாமலைங்க."

"அப்போ மலை கெழக்கதான். யோசிக்கவே வேணாம்."

"அதெப்படி? டவுன்ல குடியிருந்தா மாறிடும்பா" என்றார் இன்னொருவர். "நான் கீழ்பென்னாத்தூரு. எங்களுக்கு மலை தென்மேற்கு மூலையில. இங்க வந்து பத்து வருசம் ஆவுது, இப்போ எனக்கும் மேற்கதான்."

"உனக்கு மாறும். அவருக்கு மாறணுமா?"

"மலைக்காரங்க கொஞ்சம் வெளிய போய்ச் சண்டை போடுங்க" என்றார் உள்ளே இருந்தவர். பிறகு என்னைப் பார்த்து, "மலையை விடும்மா. உனக்கு வெயில் ஏன் ஆகாது? அதைச் சொல்லிட்டா அங்க இருக்கறவரே பாத்து எடுக்கப்போறாரு. சூரியன் அவருக்குத் தெரியுமில்ல?"

இவ்வளவு நேரம் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றாமல் என்ன, அதை மட்டும் சொல்லாமல் இருக்கத்தானே கோலமாவும் கயிறும் எடுத்து அவ்வளவு பாடுபட்டேன். இரண்டாம் தடவை வந்தது அவருக்குத் தெரியாது. தெரியாதவருக்கு ஒரு வீட்டில் காற்று வருவது முக்கியம், கடல் தெரிவது முக்கியம்.

வாயால் சொல்ல முடியாது என்று தாளும் பென்சிலும் கேட்டு வாங்கி எழுதினேன். 'சித்திரையில் பிள்ளைக்கு மறுபடி வலிப்பு வந்தது. மத்தியான வெயில் விழாத வீடு எடுக்கவும்.' உள்ளே கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது, எனக்கு முன்னால் போன நாலு பேருக்கும் அவர் ஒவ்வொரு வார்த்தையாக உரக்கப் படித்துத்தான் எண்ணினார்.

"சித்திரையில். பிள்ளைக்கு. மறுபடி..."

குரல் நின்றுவிட்டது. கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். என் பின்னால் நிற்கிறவர்களையும் பார்த்தார். பிறகு உதடு மட்டும் அசைய, பேனா முனையால் புள்ளி வைத்துக்கொண்டே மீதியை எண்ணினார். "நானே இங்கிலீஷ்ல மாத்தி அவசரத் தந்தியாப் போடறேன். இன்னிக்கே போயிடும். நீ போம்மா" என்றார். அந்த மனுஷனுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. பணத்தைக் கட்டி, டின்னை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அத்தை டின்னை வாங்கி ஓரமாக வைத்தார். தூக்கும்போதே கனம் தெரிந்திருக்கும். "ஸ்டாக் இல்லையாம்" என்றேன். அத்தை அன்றைக்கு ஊருக்குத் திரும்பவில்லை. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். வியாழனும் வெள்ளியும் எனக்கு உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்றே தெரியாமல் போனது. முதல் தந்தியைப் பார்த்து ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டிருப்பாரோ, இரண்டாவது தந்தி கிடைக்கவே இல்லையோ என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் மணி கேட்டால் வாசலை எட்டிப் பார்த்தேன்.

சனிக்கிழமை நான் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது. "தந்தி! பயப்படாதீங்க, நல்ல சேதிதான்."

கை கழுவாமல் ஓடிவந்தேன். அதற்குள் அத்தை வாசலுக்குப் போய்விட்டார். "எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படிப்பா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தந்திக்காரர் படித்து, தமிழிலும் சொல்லிவிட்டார்.

"கீழ் வீடு எடுத்தாச்சுன்னு இருக்குது. அப்புறம், வலிப்பு எப்படி வந்தது, இப்போ எப்படி இருக்கா, விவரமா எழுதுன்னு இருக்குது." கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அத்தை கதவைச் சாத்தினார்.

"எத்தினி தடவ?"

"ரெண்டு. மொத தடவ உங்களுக்குத் தெரியும். இது சித்திரையில."

"அவனுக்குச் சொல்லல. எனக்கும் சொல்லல. யாருக்குத்தான் சொன்ன?"

"தந்தி ஆபீஸ்ல சொன்னேன், அத்தை."

பொய் சொல்லத் தெம்பில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அத்தை வாய் கோணியது. அழப்போகிறாரா, அடிக்கப்போகிறாரா தெரியவில்லை. "நல்லா இருக்குதுடி உன் ஞாயம். பெத்தவனுக்குத் தெரியாது, அவனப் பெத்தவளுக்குத் தெரியாது, தந்தி ஆபீஸ்காரனுக்குத் தெரியும். அன்னிக்கு நீ கிருஷ்ணாயிலுக்குப் போவல."

"இல்ல அத்தை."

"டின்னு கைக்கு வந்தப்பவே தெரியும்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புள்ள எங்கிட்ட இருக்கட்டும். நீ போ."

"புள்ள இல்லாம நான் போக மாட்டேன்."

அதுவரைக்கும் அத்தை சொன்னதற்கு நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்போ போவாத."

"சரி, போகல. அவருக்கு எழுதிடறேன். நானும் புள்ளையும் இங்கயே இருக்கோம்."

அத்தை அதை எதிர்பார்க்கவில்லை. பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேர்க்கடலைத் தோலை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மூணு வருசமா கொட்டாயில கெடந்தான். இப்போ வூடு எடுத்து அதுல தனியாக் கெடப்பானா?" என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். பிறகு எழுந்தார். "அந்தக் கீழ் வூட்டப் போட்டுக் காட்டு."

மாடிக்குப் போனோம். நான் பழையபடி தாளை மலைப்பக்கம் திருப்பினேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார். கீழே இறங்கிப் போய் அந்த மண்ணெண்ணெய் டின்னை எடுத்துவந்து, மாடியின் கிழக்குக் கோடியில் கவிழ்த்து வைத்தார். "அவன் போட்ட மலை இதுதான். இத வச்சுப் போடு." நிஜ மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டின்னைப் பார்த்து நான் கோடு இழுத்தேன். அண்ணாமலையார் கோபித்துக்கொள்வாரோ என்றுகூட நினைத்தேன். மணி மூன்று இருக்கும். அத்தை பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு படுக்கிற அறைக்குள் போய் நின்றார். முதுகில் வெயில். வெயில் பக்கம் கூடமும் சமையல்கட்டும் கோடாகக் கிடந்தன. எதிரே டின். கொஞ்ச நேரம் அப்படியே நின்று கணக்குப் பார்த்தார்.

"செவுரு மண்ணா, கல்லா?"

"தெரியாது, அத்தை."

"கேட்டு எழுது. தீபம் பாத்துட்டுப் போங்க. அந்த மாசம் அங்கயும் வெயில் கம்மியா இருக்குதான்னு அதையும் கேளு."

அதுதான் சம்மதம். அந்தத் தந்தியை அத்தை நான்காக மடித்துத் தன் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

கார்த்திகை தீபம் முடிந்து நானும் மகளும் போனோம். போன அன்று மத்தியானம், பெட்டியைக்கூடத் திறக்காமல், படுக்கிற அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சமையல்கட்டுச் சுவர் சுட்டது. மாடி வீட்டில் இருந்தவர்கள் அந்த ஜன்னலுக்கு அட்டை அடித்து மூடியிருந்தார்கள். "அந்தப் படத்துல போட்ட மலை எந்தப் பக்கத்து மலைங்க?" என்று அவரைக் கேட்டேன். "இதென்ன கேள்வி? மலைன்னா பொழுது பொறக்கற பக்கம்" என்றார். நாலு வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். மகளுக்கு ஒரே ஒரு தடவை வந்தது, அதுவும் குளிர்காலத்தில். அப்புறம் நின்றுபோனது. எண்பத்தைந்திலோ ஆறிலோ ஊருக்குத் திரும்பினோம்.

இதில் தப்பு இருக்கலாம். தந்தி வந்தது சனிக்கிழமையா ஞாயிறா என்பதில் எனக்கே சந்தேகம். அத்தை இருந்தால் மடித்து வைத்த தந்தியைக் காட்டச் சொல்லியிருப்பேன். அத்தை ஊரில் பொழுது மலைக்கு மேலேதான் பிறக்கும் என்று எழுதியிருக்கிறேன், ஆனால் தை மாதத்தில் பொழுது மலையைவிட்டுக் கொஞ்சம் விலகித்தான் கிளம்பும் என்று யாரோ சொன்னார்கள். அடி அண்ணாமலைப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது ஒரு நாள் விடியற்காலையில் நின்று பார்த்து, ஆடியில் எங்கே கிளம்புகிறது, தையில் எங்கே கிளம்புகிறது என்று சொன்னால், நான் எழுதியதைத் திருத்திக்கொள்வேன்.